சாய்வு

ஒரே தட்டு, ஒரே சூடு,
கழுவ வேண்டியதும் ஒன்றே ஒன்று.
அந்தக் கணக்கில்தான் இறங்கினேன்.

புதன்கிழமை எனக்குப் பேருந்து கிடையாது.
மங்களேஸ்வரிக்கு மருத்துவமனையில் மதிய ஷிஃப்ட்,
ஒன்பதரைக்குப் பசியோடு வருவாள்.
பிள்ளைகள் இருவர்.
அதில் ஒருத்தி
இரண்டு வாரமாகக் கோழி தின்பதில்லை.

ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டால் ஒரு காணொளி காட்டுவாள்.
நான் பார்க்க வேண்டி வரும்.

ஈசூன் ஈரச்சந்தையில் தொடைக்கறி ஆறு துண்டு,
உருளைக்கிழங்கு, கேரட், சின்ன வெங்காயம், பூண்டு,
காய்க்காரி சும்மா போட்ட ஒரு கொத்துக் கறிவேப்பிலை.
தயிர், சோம்புத்தூள், மிளகு, மிளகாய்த்தூள்,
கலமன்சி நாலைப் பிழிந்து
கை எரிய எரியப் பிசறினேன்.

பிறகு தட்டின் நடுவே
அலுமினியத் தாளை நாலாய் மடித்து
ஒரு சுவர் எழுப்பினேன்.
இந்தப் பக்கம் கோழி.
அந்தப் பக்கம் ரோஷிணி.

எங்கள் வீட்டு அவன்
பக்கத்துப் புளோக் திருவாட்டி கோ
வீடு மாறும்போது கொடுத்தது.
மின்தூக்கியில் ஏற்றுகையில் ஒரு ரப்பர் கால் கழன்று
எங்கோ உருண்டுபோனது.
"அவன் சூடாயிட்டானா?" என்பான் சின்னவன்,
ஆளை விசாரிப்பது போல.
அவன் எப்போதும் கொஞ்சம் கோபமாகத்தான் இருப்பான்.
இடது பின்மூலையில் கருக்குவான்.

ஐம்பது நிமிடம்.
ஜன்னலுக்கு வெளியே
மூங்கில் கழியில் காய்ந்த என் சீருடைக்கும்
சோம்பு வாசம் ஏறியது.
நாளைக் காலைப் பயணிகளுக்குச் சீக்கிரம் பசிக்கும்.

கதவைத் திறந்தேன்.
கோழி சிவந்திருந்தது. தோல் முறுமுறுவென்று.
சுவரும் நின்றிருந்தது.
சுவருக்கு அடியில்
பொன்னிறமாய் ஓர் ஓடை
அந்தப் பக்கம் போய்
கேரட்டோடு பேசிக்கொண்டிருந்தது.

பார்த்தது நான் மட்டும்.
கையில் துணி இருந்தது.
துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?
நெய் என்று சொல்லலாம்.
பதினைந்து வயது, வளர்கிற உடம்பு,
ஒரு வாய்ச் சாறு நல்லதுதானே என்று
எனக்குள் ஓர் அப்பன் சொன்னான்.

அவள் வந்து நின்றாள், தலையில் துண்டோடு.

"சாறு ஓடிடுச்சு."
"எங்க?"
"உன் பக்கம்."

ரொட்டியும் காயாவும் எடுக்கப் போனேன்.
அவள் கத்தவில்லை.
மிஞ்சிக் கிடந்த சின்ன வெங்காயம் ஒன்றை
அவன் தலைமேல் வைத்தாள்.
அது ஒரு கணம் யோசித்தது,
பிறகு இடது பின்பக்கமாய் உருண்டு
மேடைக்குப் பின்னால் விழுந்தது.

"கோழிய மேட்டுல வச்சா
பள்ளத்துக்குத்தானே ஓடும், பா."

நான் பேருந்து ஓட்டுகிறவன்.
சக்கர நாற்காலி ஏற
நாளுக்கு நாலு தடவை
வண்டியைச் சாய்த்துக் கொடுக்கிறவன்.

முன்விளிம்பின் மேட்டில்
சாறு தொடாத உருளை எட்டுத் துண்டு,
கேரட் மூன்று, பூண்டு ஒன்று.
ஒவ்வொன்றாய்த் தூக்கி அடிப்பாகம் பார்த்து
உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி அதிகாரி மாதிரி
தன் கிண்ணத்துக்குள் அனுமதித்தாள்.

"முட்டை உண்டா?"
"உண்டு. இப்போதைக்கு."

இரண்டு பொரித்தேன்.
அக்காவின் பங்குத் தொடை தனக்கா என்று
சின்னவன் ஏற்கெனவே தின்றபடி கேட்டான்.

ஒன்பதே முக்காலுக்கு மங்களேஸ்வரி.
கை கழுவி, உட்காரக்கூட இல்லை,
பின்மூலையில் தேங்கிய சாற்றில் ஊறி
விளிம்பு கருகிய உருளையை
விரலாலேயே எடுத்துத் தின்றாள்.
"இதை யாரும் தொடலையா? இதுதான் நல்லா இருக்கு."
நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

குட்டைக் காலுக்கு முட்டுக்கொடுக்க
அட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.
ரோஷிணி பிடுங்கிப் போட்டாள்.
"வேணாம். அடுத்த வாரம்
கோழி பின்னாடி. நான் முன்னாடி."

கழுவ வேண்டியது கடைசியில்
ஒரு தட்டு, ஒரு பொரிசட்டி, ஐந்து கிண்ணம்.
அந்த வெங்காயம் இன்னும் அகப்படவில்லை.