நட்சத்திரம் போடாத எண்

காலை ஆறு பத்துக்கு வந்த முதல் நீரைக்
கொட்டிவிடச் சொல்லியிருந்தார்கள்.
அது நேற்றிரவினுடையதாம், கணக்கில் சேராது.
ஆறு பத்து என்று காகிதத்தில் எழுதினேன்.
அதற்குப் பிறகு வருவதெல்லாம் வேண்டும்,
மறுநாள் ஆறு பத்து வரைக்கும்
சொட்டு விடாமல்.

நாலு வயசுக்காரியிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.
போன ஞாயிறு மாலை நாலு மணிக்கு
சுவரோரம் உட்கார்ந்துவிட்டு ஓடி வந்தாள்.
அத்தனையும் வீண்.
இது இரண்டாவது ஞாயிறு.

செம்மஞ்சள் கேன். மூடியில் பெயர்: இத்தோ.
குளிர்பெட்டியில் மோருக்கும் ஒலிவக் காய்க்கும் நடுவே.
கொழுந்தன் ஹம்மு தாகத்தோடு வந்து
"இதென்ன பழச்சாறு?" என்று கை நீட்டினான்.
நான் போட்ட கூச்சலில் பூனை சுவரேறியது.

கூரிப்காவில் எங்கள் சன்னல் விளிம்பைத் துடைத்தால்
துணியில் வருவது பாஸ்பேட்.
புவாசா வேலை முடிந்து வந்தால்
மீசையிலும் அதுதான், காலுறைக்குள்ளும் அதுதான்.
இரவில் ரயில் அதைக் கடலுக்கு இழுத்துப் போகும்,
பெட்டிகளை எண்ணி முடிக்குமுன் தூங்கிப்போவாள் இவள்,
வில்லாய் வளைந்த இரண்டு கால்களையும்
என் மேல் போட்டுக்கொண்டு.

பால் கொடுத்திருக்க மாட்டாள் என்றார்கள்.
வெயிலில் விட்டிருக்க மாட்டாள் என்றார்கள்.
வெயிலா? இங்கேயா?
ஆனாலும் நான் நம்பினேன்.
பால் காய்ச்சும்போதெல்லாம்
யாரோ அளந்து பார்ப்பதுபோல் இருந்தது.

முடிவு வந்தது. கீழெல்லை, மேலெல்லை,
நடுவே சமர்த்தாய் உட்கார்ந்திருந்தது எங்கள் எண்.
பக்கத்தில் நட்சத்திரம் இல்லை, அம்புக்குறி இல்லை.
"ஒன்றுமில்லை பார்" என்றார் புவாசா.
பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பலூன் வாங்கினார்.

காசாபிளாங்காவில் டாக்டர் பென்ஷக்ரூன்
அந்தத் தாளை மேசையில் வைத்து
ரத்தத் தாளை அதன் பக்கத்தில் நகர்த்தினார்.
அங்கே பாஸ்பேட் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சிறுநீரகம் முதலில் எல்லாவற்றையும் வடித்துவிடும்.
பிறகு வேண்டியதைத் திரும்ப அள்ளிக்கொள்ளும்.
ரத்தத்தில் இவ்வளவு பஞ்சம் என்றால்
அது கருமியாகியிருக்க வேண்டும்.
இந்தக் கேன் ஏறக்குறைய காலியாக வந்திருக்க வேண்டும்.
ஊரில் எல்லாரையும் போல இருக்கிறதே,
அதுதான் கோளாறு."

எல்லாரையும் போல.
நான் வேண்டிக்கொண்ட சொல் அது.

ஒரு நாள் கணக்கில் தின்ற மத்தி மீனும் கலந்திருக்கும் என்று
அன்றைக்கே வெறும் வயிற்றில் கொஞ்சம் நீர்,
அதே வேளையில் கொஞ்சம் ரத்தம்.
பலூனை விடாமல் அழுதாள்.
வகுத்துப் பெருக்கி அவர் ஒரு எண்ணை வட்டமிட்டார்:
அள்ளிக்கொள்ளாமல் விட்டது எவ்வளவு என்று.
பிறவியிலேயே வந்த மறதி, என்றார்.
மருந்து உண்டு, நாளைக்கு ஐந்து வேளை.

"பால்?" என்று கேட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.
"நான் கொடுத்த பால் போதாமல் இல்லையே?"
"இல்லையம்மா. வந்தது தங்கவில்லை."

திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை.
கூரிப்கா நெருங்கும்போது எதிர்த் திசையில் ரயில் போனது,
நிறைந்து, மெதுவாக.
இத்தோ எண்ணத் தொடங்கினாள்.
பதினேழு வரைதான் தெரியும்,
பதினேழுக்குப் பிறகு மறுபடியும் ஒன்று.