காப்பிக் கறை

அஷ்டபுலாவில் அன்று மைனஸ் பதினொன்று.
ஏரியிலிருந்து பனி குறுக்குவாட்டில் வந்துகொண்டிருந்தது.
துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் நிலவறையில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
பதினான்கு பேரும் கோட்டைக் கழற்றவில்லை.

மாலை ஆறரைக்குப் பிறகும் டவுன் பஸ் ஓட வேண்டுமா
என்று ஊர் ஓட்டுப் போடப் போகிறது.
நான் கொலம்பஸிலிருந்து கையேட்டோடு வந்திருந்தேன்,
கதவு தட்டுவது எப்படி என்று சொல்லித்தர அல்ல.
கதவு தட்டுவது எப்படி என்று
சொல்லித்தருவது எப்படி என்று
சொல்லித்தர.
போனில் தங்கையிடம் ஒருமுறை இதை விளக்கினேன்.
"அப்போ தட்டுறது யாரு?" என்றாள்.

பக்கம் ஆறு:
பயிற்றுநர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேசக் கூடாது.
இதைச் சொல்லி முடிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.
வெர்னா லாஹ்டி, பள்ளிப் பேருந்தை முப்பத்தொரு வருடம் ஓட்டியவள்,
கையைத் தூக்கினாள்:
"கணக்குப்படி அடுத்த செவ்வாய் வரைக்கும்
உங்க பங்கு தீந்துபோச்சு."
அதற்குப் பிறகுதான் கோட்டுகள் கழன்றன.

மதியம் ஒத்திகை.
மடக்கு நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து, இதுதான் கதவு என்றோம்.
மரிசோல் ஒகேண்டோ வீட்டுக்காரி.
பத்தொன்பது வயது டெஷான் தட்ட வேண்டும்.
வெண்டெல் ப்ரூ, ரயில் யார்டில் வேலை,
'ப' வரும் இடத்தில் நாக்கு நின்றுவிடும்,
அவன்தான் பயிற்றுநர்; டெஷானைத் திருத்த வேண்டும்.
வெண்டெலை நான்.
என்னை யார் என்று கையேட்டில் இல்லை.

டெஷான் தட்டினான். பெயர் சொன்னான். சிரித்தான்.
எல்லாம் அட்டையில் உள்ளபடி.

"எலெக்ஷன் வந்தா மட்டும் உங்களுக்கு வழி தெரியும்" என்றாள் மரிசோல்.
"போன ஜனவரி நர்ஸிங் ஹோம்ல ஷிப்ட் முடிஞ்சு
மூணு மைல் நடந்தேன்.
அப்ப எந்த அட்டை வந்துச்சு?"

நாங்கள் அவளுக்குக் கொடுத்த வசனம் வேறு.
நாற்காலிக் காலை அவள் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது,
அவள் நடிக்கவில்லை.

டெஷான் வெண்டெலைப் பார்த்தான். பிறகு என்னை.
என் வாயில் பதில் தயார், பக்கம் பதினெட்டு.
இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து
அவற்றின் மேல் உட்கார்ந்தேன்.
இந்த வேலையில் எனக்குக் கிடைத்த
ஒரே உருப்படியான பாடம் அது.

வெண்டெல் எழுந்து போய்க் கதவுக்கு முன்னால்
தரையில் உட்கார்ந்தான்.
"ப-ப-ப-"
ஹீட்டர் இருமியது.
"ப-பூட்ஸ் இருந்துதா?"
அரை நிமிடம் பிடித்தது.
அந்தச் சொல்லை அவனுக்காக யாரும் முடித்து வைக்கவில்லை.

"ஒண்ணுல ஓட்டை" என்றாள்.
பிறகு அவளே சொல்லத் தொடங்கினாள்:
எந்தத் திருப்பம், எந்த விளக்குக் கம்பம்,
எந்தக் கார் வேகம் குறைத்து, முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது.
வெர்னா கையில் 'ஒரு நிமிடம் பாக்கி' அட்டை.
தூக்க மறந்தாள். அல்லது மறக்கவில்லை.

மதிப்பீட்டுத் தாள் கேட்டது:
பயிற்றுநர் குறிக்கோளை அடைந்தாரா? ஆம். இல்லை.
இரண்டுக்கும் நடுவே இருந்த வெள்ளையில்
'பூட்ஸ்' என்று எழுதினேன்.

கிளம்பும்முன் கையேட்டை ஜெராக்ஸ் எடுத்தோம்.
பக்கம் ஆறின் மேல் காலையில் என் காப்பிக் கோப்பை வைத்த வட்டம்
பதினான்கு பிரதியிலும் விழுந்தது.
ஜெனீவாவில், கானியட்டில், ஏரிக்கரை முழுக்க
இவர்கள் சொல்லித்தரப்போகிறவர்கள் அதை மறுபடி நகலெடுப்பார்கள்.
மார்ச் வருவதற்குள் எழுத்து மங்கிவிடும்.
"இந்த வட்டம் எதுக்கு?" என்று யாராவது கேட்பார்கள்.
பயிற்றுநர் ஒருவர் அதற்கொரு காரணம் சொல்லிவிடுவார்,
மூன்றில் ஒரு பங்குக்குள்.

மணி ஆறே முக்கால்.
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மரிசோல்
கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
டிரக்கைச் சூடாக்க வெண்டெல் முன்னமே போயிருந்தான்.