ஆறட்டும்

போன வருசம் விருமாயி
தலையணைக்கடியில் விளக்கைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கினாள்.
பஞ்சு கருகிய புகையில் பிள்ளை இருமியதால்
எல்லோரும் பிழைத்தார்கள்.
அதிலிருந்து, பூவெடுக்கிற பதினோரு பேரின் நெற்றிவிளக்கும்
என் வீட்டில்தான் ஏறுகின்றன.
விளக்குக்கு ரெண்டு ரூபாய்.
கணக்கு, காலண்டரின் முதுகில்.

வெயிலேறித் திரும்பும்போது கொண்டுவந்து கொடுப்பார்கள்.
பட்டையில் வேர்வை, உள்ளே சூடு.
உடனே சொருக மாட்டேன்.
ஓடி வந்த மாட்டுக்கு
யாராவது உடனே தண்ணி காட்டுவார்களா?
ஆறட்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு
வெறும் சிமெண்ட் தரையில்,
துணி, காகிதம், பாய் எதுவும் அண்டாத மூலையில்,
வாசலை மறிக்காமல் வரிசையாக வைப்பேன்.
மகன் டவுனிலிருந்து கொண்டுவந்த சார்ஜரை
அவனிடமே கொடுத்துவிட்டேன்.
"இதுல அரைமணியில ஏறிரும்மா."
"ஏறட்டும்டா, உன் போனுக்கு."

பதினோரு சிவப்புப் பொட்டு.
பச்சையாவதைப் பச்சையாவதைப் பிடுங்குவேன்,
ஒன்பதரைக்குள் கடைசி வரை.
நான் தூங்கும்போது இந்த வீட்டில்
எதுவும் ஏறிக்கொண்டிருக்கக் கூடாது.
வட்டியை நிறுத்த முடியவில்லை,
அது வேறு கதை.

சித்திரை பிறந்து நாலாம் நாள்.
இருட்டிய பிறகும் தகரம் கொதித்தது.
சிலம்பாயி விளக்கின் பின்மூடி சாத்தாமல்
ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது.
அவிழ்த்தேன்.
தட்டையாக இருக்க வேண்டிய பாட்டரி
ஊறிய மொச்சையாக வயிறு தள்ளிக் கிடந்தது.
இனிப்பாக ஒரு வாடை.
இருபது வருசம் மல்லியில் கிடந்த மூக்கு
இது பூ இல்லை என்றது.

"இத ஏத்த மாட்டேன், சிலம்பாயி."
"ஒரே ஒரு நாளைக்கு மதினி.
நாளைக்கு முகூர்த்தம். பூ என்ன வெல தெரியுமில்ல?"
தெரியும்.
எங்கள் கூலி முகூர்த்தம் பார்ப்பதில்லை என்றும் தெரியும்.
"அமுக்கி மூடுனா சரியாப் போகும்."
அமுக்கக் கூடாது. குத்தக் கூடாது.
குப்பையிலும் போடக் கூடாது.
ரெண்டு ரூபாயை என் கையில் திணித்தாள்.
பிறகு அஞ்சு.
பிறகு என் மாமியார் வரைக்கும் இழுத்துத் திட்டு.
ஆறட்டும் என்று விட்டேன்.

வைக்கோல் போருக்கு எட்டாத தூரத்தில்,
களத்தின் நட்டநடுவே
மண்சட்டியில் மணல் பரப்பி
அதை வைத்துவிட்டு வந்தேன்.
வந்தவரை வெளியே நிறுத்தியதில்லை என்று
பெருமை பேசுகிற வீடு.
இதை நிறுத்தினேன்.

ரெண்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள்.
என் விளக்கைச் சிலம்பாயி தலையில் மாட்டினேன்.
பட்டையை இறுக்கும்போதும் முகம் கொடுக்கவில்லை.
சட்டியைச் சுற்றி, ஒதுங்கி நடந்தோம்.

வலையங்குளத்துக் கரிசலில்
அவளுக்கு அடுத்த வரிசை எனக்கு.
மாட்டுத்தாவணிக்குப் போகும் முதல் வண்டிக்குள்
மடி நிறைய வேண்டும்.
மொட்டு எது, நேற்று மலர்ந்தது எது,
விரலுக்குத் தெரியும்.
புழு எது என்றுதான்
தொட்ட பிறகு தெரியும்.

நாலு மணி இருக்கும்.
என் செடி திடீர் திடீரென்று வெளுத்தது.
சிலம்பாயி பேசவில்லை.
நின்று நின்று
இடப்பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.
அவள் எடுக்க வேண்டிய பூ
அந்தப் பக்கம் இல்லை.