இரண்டுக்குப் பதில் மூன்று

எட்டு போன், முப்பத்தொரு பிள்ளைகள்,
காலி ஹார்லிக்ஸ் பாட்டில் நாலு.
விடியுமுன்னே ஸ்கூட்டியில் போய்
ஒளித்துவைத்துவிட்டு வந்திருந்தேன்.
பாட்டிலுக்கு ஒரு மனிதர், ஒரு புதிர்,
அடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை.
"புதையல்னா தங்கமா மிஸ்?" என்றாள் பர்வீனா.
"வரலாறு" என்றேன்.
"அய்ய" என்றது எட்டாம் வகுப்பு பி பிரிவு.

ராயபுரம் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில்
எங்களுக்கு முன்பே
ரயில்வே போலீஸ் வந்துவிட்டார்.
குண்டில்லை என்று உறுதியானதும்
தாளைப் பிரித்து உரக்கப் படித்தார்:
மூட்டிய அடுப்பை அணையவிடாதவர்
சிறுவயதில் வளர்ந்த தெரு எது?
"நளமகாராஜன்" என்றார்.
முப்பத்தொரு பேரும் ஒரே குரலில்
"வள்ளலார் சார்!"
அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஏழுகிணற்றில் வானம்
ஒரு ரிப்பன் அகலம்தான்.
செயற்கைக்கோள் எதுவும் எங்களைச் சரியாகப் பார்க்கவில்லை.
நீலப்புள்ளி சுவருக்குள் புகுந்து,
யார் வீட்டுச் சமையலறையிலோ நின்று,
பின்தெருவுக்குத் தாவி,
கடைசியில் ஒரு டயர் கடை வாசலில்
"வந்துவிட்டீர்கள்" என்றது போன் அம்மாள்.
பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் தலை தூக்காமல்
"பாட்டில்தானே? அங்க கீது."

பழைய மில் நிலத்தில்
இப்போது மாடி மேல் மாடி.
வாட்ச்மேன் நோட்டை நீட்டினார்.
யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டத்தில்
அப்சல் எழுதினான்:
1921இல் சுடப்பட்டவர்களை.
பிளாட் எண் கேட்ட கட்டத்தில் மட்டும்
பேனாவைக் கடித்தபடி நின்றான்.
வாட்ச்மேன் இரண்டு முறை படித்தார்.
உள்ளே விடவில்லை.
நோட்டைக் கிழிக்கவும் இல்லை.

காசிமேடு.
நாட்டின் முதல் மே தினத்துக்குக்
கொடியேற்றிய சிங்காரவேலர்
ஐஸ் பேக்டரிச் சுவரிடுக்கில் காத்திருக்க வேண்டும்.
ஆனால் எட்டு போனிலும் அம்பு
கிழக்கே நீட்டி நின்றது.
இன்னும் பத்து புள்ளி எட்டு கிலோமீட்டர்,
தண்ணீரில்.
80.297 என்று அடிப்பதற்கு
80.397 என்று அடித்திருந்தேன்.
சிரித்துச் சிரித்து மோனிஷாவுக்கு விக்கல்.
மீன்கூடைக்காரம்மாக்களும் சேர்ந்து சிரித்தார்கள்,
எதற்கென்று கேட்காமலே.

யுகேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை.
வருஷம் முழுக்க
ஆஜர் என்பதைத் தவிர வாய் திறக்காதவன்
என் போனை வாங்கி எண்ணைப் பார்த்தான்.
"இந்த பாயின்ட்டு எங்க போட்டுல கீது மிஸ்.
பதினஞ்சு பாகம் ஆழம்.
கீழ பாறை.
வலை போட்டா கிழிஞ்சிரும்.
வேதகிரி பாருன்னுவாங்க."

வேதகிரி யார்?
"தெரியாது மிஸ்."
இழுத்துக்கொண்டு போனான்.
விசைப்படகின் பெட்டியில் பச்சைத் திரை.
ஆங்கிலத்தில் ஆறெழுத்துக்கே இடமாம்,
‘வேதகி’ வரை வந்து
பெயர் நின்றுவிட்டிருந்தது.
தேசிங்கு, அவன் அப்பா,
கை துடைத்துக்கொண்டு சொன்னார்:
"எங்கப்பன் சொல்லி நான் ஏத்துனது.
செத்தாரோ, வலையை வுட்டாரோ,
இல்ல மொதல்ல பாத்தவரோ.
அந்தப் பக்கம் போவாதன்னா
போவ மாட்டோம். அவ்ளோதான்."

என்னிடம் மதிப்பெண் தாள் இருந்தது.
கண்டுபிடித்தால் ஐந்து,
புதிர் அவிழ்த்தால் ஐந்து.
யுகேந்திரனுக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை.
"இது பரீச்சைக்கு வருமா மிஸ்?" என்றாள் பர்வீனா,
நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு.

பிள்ளைகளை அனுப்பிவிட்டுச்
சுவரிடுக்கில் கைவிட்டேன்.
ஐஸ் உருகி வழிந்து
பாட்டிலுக்குள் தண்ணீர்,
தாளில் மை பரவிச்
சிங்காரவேலரில் பாதிதான் மிச்சம்.

தேசிங்குவின் நம்பரை வாங்கிவைத்திருக்கிறேன்.
செவ்வாய்க்கிழமை, அவருடைய பெரியப்பா
வலை பின்னும் கொட்டகைக்கு வருவாராம்.
கேட்டுப் பார்க்கலாம் என்றார்.
வழி தெரியுமா என்றதற்கு
லொகேஷன் அனுப்புங்கள் என்றேன்.
"அதெல்லாம் வாணாம்மா,
வந்து யாரையாச்சும் கேளுங்க."