பதினோராம் தடம்

லியபாயாவில் காற்று ஓய்ந்த நாளை
நான் பார்த்ததில்லை. அன்றும்
கதவைத் திறந்ததும் எனக்கு முன்னால்
அது உள்ளே போய்விட்டது.

கன்சோலைக் கவிழ்த்து வைத்திருந்தான் இல்க்வார்ஸ்.
சாம்பல் பச்சை இரும்பு. பதினாறு தடங்கள்.
வானொலி நிலையத்தை மூடியபோது எடைக்கு வாங்கி
உருளைக்கிழங்கு லாரியில் ஏற்றி வந்தது.

உள்ளே போகப் பதினாறு வழி,
வெளியே வர இரண்டே இரண்டு:
இடம், வலம்.
எல்லோரும் கலந்துதான் வெளியேற வேண்டும்
என்பது அன்றைய சட்டம்.
மின்சுற்றின் சட்டத்தைச் சொல்கிறேன்.

"தடத்துக்கொரு தனி வாசல் வை.
மைரிதாவின் டிரம்ஸ் தனியே பதிவாகணும்,
அவள் பாட்டு தனியே.
ஃபேடருக்கு முன்னாலேயே எடுத்துவிடு,
நான் மேலே கீழே எதைத் தள்ளினாலும்
பதிவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது."

தடத்துக்கு நாற்பது யூரோ.
பின்பலகையைத் துளைக்காதே என்றான்.
பிறகு துளை என்றான்.
பிறகு வெளியே போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்து
"ஒன்பது மில்லிமீட்டர்தானே" என்றான்,
பல் பிடுங்கக் கொடுத்தவன்போல.

வேலை கஷ்டமில்லை.
பெருக்கியின் காலில் ஒரு கம்பி.
நேர்மின்சாரம் கூடவே நழுவி வராதபடி
நடுவில் ஒரு கெப்பாசிட்டர்.
நீளக் கேபிளைக் கண்டு அது மிரளாதிருக்க
நாற்பத்தேழு ஓம்.
கவசத்தை ஒரு முனையில் மட்டும் தரையில் கட்டு;
இரண்டிலும் கட்டினால்
உள்ளே வண்டு குடியேறிவிடும், ம்ம்ம்மென்று,
ஆயுசுக்கும்.

முதல் தடத்துக்கு ஒன்றரை மணி நேரம்.
நான்காவதில் கை பழகியது.
எட்டாவதில் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

பதினொன்றில்
ஏற்கெனவே ஒரு கம்பி இருந்தது.

வரைபடத்தில் இல்லாதது. மெல்லிய பழுப்பு.
மிளகளவு சால்டர், என்னுடையதைவிட நேர்த்தி.
நான் வைக்கவேண்டிய அதே கால்.
ஃபேடருக்கு முன்னால்.

அதாவது
ஃபேடரை அடிமட்டத்துக்கு இழுத்த பிறகும்
சிவப்பு விளக்கு அணைந்த பிறகும்
அறிவிப்பாளர் தொண்டையைச் செருமி
பக்கத்திலிருப்பவரிடம்
தாழ்ந்த குரலில் எதையோ சொன்னபோதும்
அந்தக் கம்பிக்குக் கேட்டது.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள்.
பார்த்துத்தான் பேசியிருப்பார்கள்.
மேசைக்கு அடியில் யார் பார்ப்பது?

கம்பியைத் தொடர்ந்து போனேன்.
பின்பலகையில் ரப்பர் அடைத்த ஒரு துளை.
அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர்.
அதற்கு அப்பால் வெட்டியிருந்தது,
பல்லால் கடித்தமாதிரி.

"டேப் மெஷினுக்குப் போனதாக இருக்கும்" என்றான்.
இருக்கலாம். அவன் அத்தை ஒருத்தி
அங்கே வானிலை வாசித்தாளாம்.
எந்த மைக்கென்று தெரியாதாம்.
கெப்பாசிட்டர் உயர்ந்த ரகம்.
செய்தவருக்கு ஒலியின்மேல்
உண்மையான மரியாதை இருந்திருக்கிறது.
அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

பழுப்புக் கம்பியைக் களைந்து
என் நீலக் கம்பியை வைத்தேன்.
அதே இடத்தில். வேறெங்கே வைக்க?

மூன்றாம் நாள் மாலை சோதனை.
ஃபேடர்கள் பதினாறும் கீழே.
ஹெட்ஃபோனைத் தடந்தடமாக மாற்றினேன்.
பத்தில் நிசப்தம், நல்ல கறுப்பு நிசப்தம்.
பதினொன்றில் இல்க்வார்ஸ்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
மைக்குக்கு முதுகைக் காட்டி
மைரிதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:
"இந்த மாதம் பாதிதான் முடியும்.
இதை எப்படி அவரிடம் சொல்வது?"

உமிழ்நீர் விழுங்கும் சத்தம்கூடத் துல்லியம்.
நல்ல வேலை, என் வேலை.

ஹெட்ஃபோனைக் கழற்றியிருக்கலாம்.
வாடகை பற்றிப் பேசினார்கள்,
அவள் பல் வலி பற்றி,
எதற்கோ சிரித்தார்கள்.
கழற்றவில்லை.

வெளியே வந்தான். "வேலை செய்கிறதா?"
"செய்கிறது" என்றேன்.
"மீதியை மெதுவாகக் கொடு, அவசரமில்லை."

தலையாட்டினான். நன்றி என்றான்.
பிறகு அவன் பார்வை
பதினோராம் ஃபேடருக்குப் போனது.
அடிமட்டத்தில் இருந்தது அது.
அவன் இழுத்து வைத்த இடத்திலேயே.