உள்ளங்கையில் ஒரு பெயர்

கிட்வேயில், தாமிரச் சுரங்கத்துக்குப் போகும் சாலையில்,
தகரக் கூரைச் சபையின் இடது ஓரம்
முதல் வரிசை எங்களுடையது.
ஆறு நாற்காலி, காது கேளாத ஆறு பேர்.
எதிரே முக்காலியில் நான்,
மேடைக்கு முதுகு காட்டி.
போதகரை அவர்கள் பார்ப்பதில்லை.
பதினோரு வருடமாக அவர்களுக்குப்
பிரசங்கம் என்பது என் கை.

அன்று லுசாகாவிலிருந்து ஓர் அப்போஸ்தலர் வந்திருந்தார்.
அப்படித்தான் சுவரொட்டியில் போட்டிருந்தது.
வெள்ளைக் கோட்டு, வெள்ளை ஷூ,
ஜெனரேட்டரையும் மீறும் தொண்டை.
நல்ல பேச்சு. நானும் ரசித்தேன், மறைப்பானேன்.
கடலை இரண்டு கையாலும் பிளந்து காட்டியபோது
சிசாங்கா விரல்களைக் காற்றில் உதறினாள்.
அவர்களுடைய கைதட்டல் அது.

இயேசு என்பதற்குச் சைகை இப்படி:
வலது நடுவிரல் இடது உள்ளங்கையைத் தொடும்,
பிறகு இடது விரல் வலது உள்ளங்கையை.
ஆணி இறங்கிய இடம்.
வாயால் சொல்பவருக்கு அது மூன்றெழுத்து.
கையால் சொல்பவருக்குக்
காயத்தைத் தொடாமல் அந்தப் பெயர் இல்லை.

இயேசுவின் நாமத்தில் கார், என்றார். தொட்டேன்.
இயேசுவின் நாமத்தில் மாடி வீடு. தொட்டேன்.
விசா. தொட்டேன்.
பதவி உயர்வு.
எந்த இடம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை,
உள்ளங்கை கூசத் தொடங்கியது.
இவர் சொல்லும் ஆளுக்கு
இங்கே ஒன்றும் ஆகவே இல்லை.
மழமழவென்ற கை,
மோதிரம் போடுவதற்கென்றே வளர்ந்த கை.

பிறகு அவர் எங்கள் வரிசைக்குத் திரும்பினார்.
விசுவாசம் முழுதாயிருந்தால் இன்றே காது திறக்கும்,
திறக்காவிட்டால் உள்ளே ஏதோ பாவம்,
ஒரு மாதச் சம்பளத்தை விதையுங்கள், என்றார்.

சைகையில் முகமும் இலக்கணம்.
கேள்விக்குப் புருவம் வேண்டும், உறுதிக்குத் தாடை.
கை சொல்வதை முகம் நம்பவில்லையென்றால்
வாக்கியம் நிற்காது.
ஒரு சொல் விடாமல் சொன்னேன்,
சொல்லிவிட்டுக் கட்டைவிரலைத்
தோளுக்குப் பின்னால் காட்டினேன்:
அவர். இது அவர் சொல்வது.
அப்புறம் கை மடியில் விழுந்துவிட்டது.

கூரை அதிர ஆமென்.
ஆறு பேர் மட்டும் என் மடியைப் பார்த்திருந்தார்கள்.

ந்சோஃப்வா வெல்டர்.
விரலெல்லாம் தீப்பொறித் தழும்பு.
சட்டைப்பையிலிருந்த உறையைத் தொட்டுக்கொண்டே கேட்டார்:
எங்கே எழுதியிருக்கிறது?
தெரியவில்லை, என்றேன்.

வெளியே, மாமரத்துக்குக் கீழே,
பெம்பா வேதத்தை மடியில் விரித்து
அவரே தேடினார், எச்சில் தொட்டுத் தொட்டு.
பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காட்டி
யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கும் இடம்.
யாருடையதும் இல்லை என்ற பதிலை
இரண்டு முறை படித்தார்.
உறை உள்பைக்குப் போயிற்று.
மகள் பள்ளிக் கட்டணம், என்றார்,
யாரும் கேட்காமலே.

எனக்கு இதில் பெருமை ஒன்றுமில்லை.
போன ஈஸ்டருக்கு வந்தவர் எண்ணெய்ப் புட்டி விற்றார்.
அந்த எண்ணெய் சொட்டுவதை
எத்தனை நேர்த்தியாகக் காட்டினேன்!
ந்சோஃப்வாவின் மனைவி மூன்று வாங்கினாள்.
அழகாயிருந்ததென்று இந்தக் கை
எதையெல்லாம் கடத்தியிருக்கிறதோ.

கள்ளப் போதனை,
அதற்கு என்ன சைகை, என்று சிசாங்கா கேட்டாள்.
பொய் என்பதையும் போதனை என்பதையும்
ஒட்டவைத்துக் காட்டினேன்.
உதட்டைப் பிதுக்கினாள்.
பொய் பொய் மாதிரியா வந்தது?
அவர் மாதிரி அல்லவா வந்தது.

கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்திருந்தாள்.
பிறகு அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.
நடுவிரல் உள்ளங்கை வரை வந்தது,
நூலிழை தூரத்தில்
தொடாமல் விலகிப் போனது.

மினிபஸ் வந்துவிட்டது.
ஏறிய பிறகும், கண்ணாடிக்கு உள்ளே,
ஆறு பேரும் அதைப் பழகிக்கொண்டிருந்தார்கள்.