துடுப்பு

வாலிநோக்கத்துக்கு நான் போனது
அவரைக் கையோடு கூட்டிவர.
ஏர்வாடி தாண்டியதும் பஸ்ஸில் ஐந்தே பேர்.
சொல்ல வேண்டியதை எல்லாம்
டிக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டேன்:
பெரிய மகளுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது,
மண்ணடிக் கடையில் அவர் இடம் இன்னும் காலி,
முதலாளிக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான்.

சேகு நெய்னா மச்சான்
பத்தொன்பது வருசம் அங்கே கணக்கெழுதியவர்.
ஒரு செவ்வாய்க்கிழமை பேரேட்டில்
கூட்டல் கோடு போட்டார். கூட்டவில்லை.
சாவிக்கொத்தை அதன்மேல் வைத்துவிட்டு
டீ குடிக்கப் போகிறவர்போல் இறங்கிப் போனார்.

கப்பல் உடைத்த காலத்தில்
யாரோ கரைக்கு இழுத்துவந்த நாற்காலி;
ஒரு காலத்தில் சுழன்றதாம்.
அதில் உட்கார்ந்திருந்தார்,
கடலைப் பார்த்து அல்ல,
கடலுக்குப் பக்கவாட்டில்.
"நேரே பாத்தா அதுவும் ஒரு வேலையாயிடும்" என்றார்.

டிக்கெட்டை எடுத்தேன்.
கச்சான் காற்று பிடுங்கிக்கொண்டு போனது.
துரத்த எழுந்தவனிடம்
"விடு, எங்க போயிடும்" என்றார்.
உடைமுள்ளில் குத்திக்கொண்டு
என் நியாயமெல்லாம் அங்கேயே படபடத்தது.

"மொத மூணு மாசம் செத்தேன் மாப்ளே.
வெரல் தானா மடங்கி மடங்கிக் கூட்டும்.
அலையை எண்ணுனேன், ஆட்டை எண்ணுனேன்,
ரெண்டையும் கழிச்சுக்கூடப் பாத்தேன்.
இப்ப இல்ல.
இப்ப சாயங்காலம்னா சாயங்காலம்."

பக்கத்து வலைக்காரர் சூசை கொடுத்த மீன்,
பொரித்ததில் பாதி எனக்கு.
முள்ளை அவரே எடுத்துப் போட்டார்,
ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவில்
ஒரு நாள் கடந்துவிடும்போல.
அஸர் பாங்கு கேட்டது. பிறகு மஃரிப்.
கடைசி பஸ் இரண்டு தரம் ஹார்ன் அடித்தது.
எழ வேண்டும் என்று காலிடம் சொன்னேன்.
கால் யோசித்தது.

அன்று மணலில் தூங்கினேன்,
மணி தெரியாமல், வாய் பிளந்து.
விடிந்ததும் வெட்கமாக இருந்தது.
வெட்கத்தைவிடப் பசி.

"செலவுக்கு?" என்று கிளம்பும்போது கேட்டேன்.
"ஒங்க லாத்தா அனுப்புறா.
வேணாம்னுதான் சொன்னேன்."
எத்தனை தரம் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை.
எண்ணுவதைத்தான் விட்டுவிட்டாரே.

கீழக்கரையில் கொல்லை முழுக்கப் புகை.
லாத்தா தொதல் கிண்டிக்கொண்டிருந்தாள்:
ஆர்டர் எட்டுக் கிலோ,
தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும்
அவளைவிடப் பெரிய சட்டியில்.
துடுப்பு நாலைந்து மணி நேரம் நிற்கக் கூடாது,
நின்றால் அடிப்பிடிக்கும்.
முழங்கையில் பழைய சூட்டுத் தழும்பின்மேல் புதுசு.

"வரலியா?"
"இல்ல."
"என்ன செய்றாரு?"
"சும்மா இருக்காரு."

கத்துவாள் என்று நின்றேன்.
துடுப்பு ஒரு சுற்றுச் சுற்றியது.
இன்னொரு சுற்று.
"சும்மான்னா எப்படி?
கையை எங்க வச்சிருந்தாரு?"
"மடியில."
"ரெண்டையுமா?"
"ரெண்டையும்."

தன் கைகளைப் பார்த்தாள்.
அவை நிற்கவில்லை.
சட்டி ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கியது.
"இன்னும் சொல்லு" என்றவள்,
நான் வாயைத் திறக்குமுன்
"இரு, பதம் வருது" என்றாள்.